எட்டு டிகிரி

மேல் ஸ்லைடின் வட்டத் தகட்டில்
எட்டுக்கு நேரே ஒரு கோடு பொறித்திருக்கிறது.
அதை நம்பினவர்கள் பாவம்.
அந்தக் கோட்டின் தடிமனுக்குள்ளேயே
ஒரு கோலெட் கோணலாய் உட்கார இடமிருக்கிறது.

பீடோங்கில், தாமானின் மூன்றாம் வரிசையில்,
கார் நிற்க வேண்டிய இடத்தில் என் லேத்.
பரஞ்சோதியின் கார் தெருவில் நனைகிறது.
பட்டறையை மூடிய ஆ கியோங்கிடம் வாங்கினேன்,
ஆட்குறைப்பில் கம்பெனி கொடுத்த பணத்தில்.
"தங்கமா வாங்கிப் போட்டிருக்கலாமே"
என்றாள் பக்கத்து வீட்டு நாகேஸ்.
தங்கம் சுத்தாதே என்றேன்.

பழைய பிரிண்டரில் கழற்றிய தண்டைச் சக்கில் பிடித்தேன்.
அதன் மேல் டயலின் மூக்கு.
கைப்பிடியை ஐந்து சுற்று சுற்றினால் பத்து மில்லி.
முள் அதற்குள்
ஒன்று புள்ளி மூன்று ஒன்பது இரண்டு நகர வேண்டும்.
நகர்ந்தது ஒன்று புள்ளி நான்கு ஒன்று.
நட்டைத் தளர்த்தி, விரல் முட்டியால் ஒரு தட்டு.
ஒன்று புள்ளி மூன்று எட்டு.
அதைவிட மெதுவாக,
தூங்குகிற பிள்ளையின் கன்னத்தில்
கொசுவை அடிக்கிற மாதிரி ஒன்று.
சரியாக வந்தது.
நட்டை இறுக்கினேன்.
முள் நகர்ந்துவிட்டது.

இறுக்கும்போது எவ்வளவு ஓடும் என்பதையும்
கணக்கில் சேர்த்துக்கொண்டு மறுபடி.

வெட்டெண்ணெய் தீர்ந்திருந்தது.
அடுப்படியிலிருந்து செம்பனை எண்ணெய் எடுத்து வந்தேன்.
தெருவுக்கு அந்தப் பக்கம்
மரம் மரமாய் நிற்பதும் அதுதான்.
கத்தி உள்ளே போக
இரும்பு அப்பளம் பொரிக்கிற வாசனையில் சுருண்டது.

கோலெட்டில் நீல மை.
மூச்சு பட்ட கண்ணாடி அளவுக்கு மெல்லிசாய்.
உள்ளே நுழைத்து, கால் திருப்பு, வெளியே.
டார்ச் அடித்துப் பார்த்தால்
வாயோரம் மட்டும் ஒரு நீல வளையம்.
உள்ளே வெறும் இரும்பு.

இரண்டு ராத்திரி கோணத்தைக் குற்றம் சொன்னேன்.
தளர்த்தினேன், தட்டினேன், இறுக்கினேன், வெட்டினேன்.
மை வாயைத் தாண்டவே இல்லை.
ஒன்று புள்ளி மூன்று ஒன்பது இரண்டை
நாகேஸின் கைபேசி எண் மாதிரி மனப்பாடம் செய்தேன்.

மூன்றாம் ராத்திரி பதினொன்றரைக்கு
கார் தெருமுனையில் திரும்பியது.
கிரில் கதவு வழியாக விளக்கு உள்ளே விழுந்தது.
எதிர்ச் சுவரில் லேத்தின் நிழல்
யானை பெரிசாய் எழுந்தது.
அதில் பார்த்தேன்:
பின்தலையின் கூர்முனை இங்கே.
அதற்கு முன்னால் சும்மா ஓரமாய்த் தள்ளி வைத்திருந்த
என் கத்தியின் நுனி
அதற்குக் கீழே.
சுவரில் ஒரு விரல்.
நிஜத்தில் ஒரு மில்லி இருக்கலாம்.

"விளக்க அணைக்காதீங்க!"

என்னவோ ஏதோவென்று
அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.
மடியில் நாசி லெமாக் பொட்டலம்.
இஞ்சின் ஓடுகிறது. தெரு நாய் குரைக்கிறது.
நான் ரம்பத் தகட்டில் ஒரு துண்டு ஒடித்து
கத்திக்கு அடியில் செருகினேன்.
போதவில்லை.
மைலோ டின்னின் மூடியில் கத்தரித்து இன்னொன்று.
சுவரில் இரண்டு நுனியும்
முத்தமிடப் போகிற மாதிரி நேருக்கு நேர்.

கோணம் முதல் ராத்திரியே சரியாகத்தான் இருந்திருக்கிறது.
கத்தி தாழ்ந்திருந்தால்
நேராய்ப் போகிற கோடும் உள்ளே லேசாய் வளைந்துவிடும்.
தெரியும் எனக்கு. பதினாறு வருஷம் கியூசி.
தெரிந்ததைத்தான் கடைசியில் சோதிக்கிறேன்.

மயிரிழை ஆழத்தில் கடைசி வெட்டு.
மை, கால் திருப்பு, டார்ச்.
வாயிலிருந்து அடிவரை நீலம்,
இடையில் ஒரு மிளகளவு இடம் தவிர.
அந்த மிளகை விட்டுவிட்டேன்.

ஆறு மில்லி ஊசியைக் கோலெட்டில் பிடித்துச் சுற்றினேன்.
முள் அரைக் கோடு அசைந்தது, நின்றது, அசைந்தது.

"இப்பவாவது அணைக்கலாமா?"
அணைத்தார். வந்தார். பொட்டலத்தைப் பிரித்தார்.
சம்பால் ஆறிப் போயிருந்தது.
என்ன செய்தேன் என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
முட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.
வெள்ளையில் என் கட்டைவிரல் ரேகை,
சுழி சுழியாய், துல்லியமாய், நீலத்தில்.

அவர் அந்தப் பக்கத்தைக் கிள்ளி ஓரமாய் வைத்துவிட்டு
மீதியைச் சாப்பிட்டார்.